வெளியே நிற்கிற மூத்த மருமகளுக்கு

வாசகர் கடிதம்:

"அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 39 வயது. கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கல்யாணமாகி 15 வருடம். ஒரே பெண், எட்டாவது படிக்கிறாள். வீட்டுக்காரர் துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தார். பெட்பேன் வைப்பதிலிருந்து எல்லாம் நான்தான் பார்த்தேன்.

என் ஓர்ப்படி வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. புதுச்சேரியில் ஸ்டாஃப் நர்ஸ். அதற்குள் பெண்ணையாற்றுப் பக்கம் சொந்தமாக வீடு கட்டிவிட்டார்கள். மாமியார் இப்போது எதற்கும் அவளைத்தான் போனில் கேட்கிறார். போன மாதம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 4,000 ரூபாய்க்கு எடுத்தாள். எங்கள் போதகர் ஐயர் மைக்கில் அவள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். நான் கொண்டுபோன இரண்டு சீப்பு வாழைப்பழம் 120 ரூபாய்க்குப் போனது.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் வெள்ளத்தில் அவள் புது வீட்டில் இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. போனில் அழுதாள். கேட்டதும் என் மனசு ஒரு நொடி குளிர்ந்துவிட்டது. அப்புறம் நானும் வீட்டுக்காரரும் போய் இரண்டு நாள் சேறு வழித்துக் கொடுத்தோம். 'அக்கா மாதிரி யார் வருவாங்க' என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் வேஷக்காரி. என் கண்தான் பட்டுவிட்டதோ என்றுகூட இரவில் தோன்றுகிறது. இவ்வளவுக்கும் பிறகு, சபைப் பெண்கள் கூடுகிற ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேரிடம், 'எல்லாம் வட்டிக்கு வாங்கிக் கட்டினது, எத்தனை நாளைக்கு' என்று சொல்லிவிட்டேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

நான்கு மாதமாக நான் திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுப்பதில்லை. அந்த நேரத்தில் வெளியே வந்து பூவரச மரத்தடியில் நின்றுகொள்கிறேன். நான் கிறிஸ்தவள்தானா? அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா?"

பதில் எழுதுபவர்: குடும்ப நல ஆலோசகர், புதுச்சேரி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தக் கண் விஷயத்தை முடித்துவிடுவோம். அது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. உங்கள் கண் படவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணை தாங்காமல், விநாடிக்கு 1,60,000 கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அந்த ஆறு கடலில் சேருகிற இடம் நம் கடலூர். கரையோரத்து நகர் எதையும் அது விடவில்லை. யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஓலைக் குடிசைக்குள்ளும் அதே தண்ணீர்தான் புகுந்தது. பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு என்ன சொன்னார்? "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" (யோவான் 9:3). ஆற்றைத் திருப்பிவிடுகிற சக்தி நம் கண்ணுக்குக் கிடையாது. அப்படி ஒரு சக்தி இருப்பதாக நினைத்தால் பொறாமைக்கு நாமே சிங்காசனம் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

சரி, இப்போது அந்தச் சேற்றுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த இடத்தைத்தான். வெள்ளச் சேறு எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரியான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஈரமாக இருக்கும்போதே வழிக்காவிட்டால் இறுகிப் பாறையாகிவிடும். கதவிடுக்கில், சுவிட்ச் பெட்டிக்குள், கட்டிலுக்கடியில் எங்கும் அதே நாற்றம். ஊதிப்போன ப்ளைவுட் கதவைக் கழற்றினால் உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் வழியும். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போகும். அதை இரண்டு நாள் செய்திருக்கிறீர்கள். உங்கள் மனசு குளிர்ந்தது ஒரு நொடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு நொடியை வைத்து அந்த இரண்டு நாளையும் வேஷம் என்று தள்ளிவிட்டீர்கள். நான் அப்படித் தள்ளமாட்டேன். ஆண்டவரும் தள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். வேதத்தில் பொறாமையின் முதல் கதை காயீனுடையது. எல்லாரும் அதைக் கொலைக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கொலைக்கு முன்னால் நடந்ததைக் கவனியுங்கள். தம்பி ஆபேலின் காணிக்கை ஏற்கப்படுகிறது, காயீனுடையது இல்லை. அவன் முகம் தொங்கிப்போகிறது. அப்போது கடவுள் அவனைத் தண்டிக்கவில்லை. துரத்தவும் இல்லை. வந்து கேட்கிறார்: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" (ஆதியாகமம் 4:6). ஒரு தகப்பன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. என்னடா ஆச்சு, ஏன் இப்படி இருக்கிறாய் என்பதுபோல. காயீன் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவன் ஒரு வார்த்தை பதில் சொன்னதாக வேதத்தில் இல்லை. அடுத்து அவன் பேசுவது தம்பியோடு, பிறகு வயல்வெளி. பொறாமைப்பட்டதோடு அவன் கதை முடிந்துவிடவில்லை. கேட்டவரிடம் சொல்லாமல் அதை அடைத்து வைத்துக்கொண்டு வயலுக்குப் போனான், அங்கேதான் எல்லாம் கெட்டது.

அடுத்த வசனத்தில் கடவுள் சொல்வது இன்னும் நெருக்கமானது. "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும், அவன் ஆசை உன்னைப் பற்றியிருக்கும், நீ அவனை ஆண்டுகொள்ளுவாய்." வாசற்படியில் படுத்திருக்கிறது என்றால் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. தெருநாய் படியில் படுத்திருப்பதுபோல. அதைப் பார்த்துவிட்டதாலேயே வீடு தீட்டாகிவிடாது. கதவை யார் திறந்துவிடுகிறார்கள் என்பதே கேள்வி. வெள்ளத்தன்று அது உங்கள் படியில் வந்து படுத்தது. நீங்கள் அதைத் தாண்டிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு ஓர்ப்படி வீட்டுக்குப் போனீர்கள். ஆண்டுகொள்வது என்றால் வேறென்ன? உணர்ச்சி செத்துப்போன பிறகு நல்லது செய்வது பெரிய காரியமில்லை. அது உயிரோடு உறுமிக்கொண்டிருக்கும்போதே கை அதன் பேச்சைக் கேட்காமல் நல்லது செய்தது பாருங்கள், அதுதான் பெரிது.

ஐக்கிய சங்கத்தில் நடந்தது வேறு. அங்கே கதவைத் திறந்துவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் யாரும் 'எனக்குப் பொறாமை' என்று சொல்லிக்கொண்டு வந்து உட்காருவதில்லை. தூக்கம் வரவில்லை, தலைவலி விடவில்லை, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன், சபைக்குப் போகவே பிடிக்கவில்லை என்றுதான் ஆரம்பிப்பார்கள். மூன்றாவது நான்காவது தடவை வரும்போதுதான் ஒரு தங்கையின் பெயரோ, கூட வேலை பார்க்கிறவளின் பெயரோ மெல்ல வெளியே வரும். சொல்லும்போது குரல் இறங்கிவிடும். குடியைக்கூட ஒப்புக்கொள்வார்கள், இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "சொஸ்தமனம் உடலுக்கு ஜீவன், பொறாமையோ எலும்புருக்கி" என்கிறது நீதிமொழிகள் 14:30. எலும்புருக்கி என்பது காசநோய்க்கு நம் ஊரில் இருந்த பழைய பெயர். அந்த நோயையும் அந்தக் காலத்தில் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தனி அறையில் படுத்து, இருமலை அடக்கி அடக்கியே செத்துப்போனவர்கள் உண்டு. நீங்கள் முதல் கடிதத்திலேயே முழுதாக எழுதிவிட்டீர்கள். அதனால் உங்களுக்காக நான் பயப்படவில்லை.

பொறாமை என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பொறுக்க முடியாமை. எதைப் பொறுக்க முடியவில்லை? அவள் வீட்டையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. என்ன நிறம், எத்தனை அறை என்று எதுவும் இல்லை. ஆனால் மாமியார் யாருக்குப் போன் செய்கிறார், ஐயர் யார் பெயரைச் சொன்னார், பூசணிக்காய் எவ்வளவுக்குப் போனது, வாழைப்பழம் எவ்வளவுக்குப் போனது என்பதெல்லாம் கணக்குச் சுத்தமாக இருக்கிறது. நடுவில் அந்த பெட்பேன்.

தமிழில் ஒரே சொல்லை இரண்டு வலிக்கும் சொல்லிவிடுகிறோம். அடுத்தவரிடம் இருப்பது என்னிடம் இல்லையே என்பது ஒன்று. என்னிடம் இருந்தது கையை விட்டுப் போகிறதே என்பது இன்னொன்று. உங்களுக்கு இரண்டாவதுதான் அதிகம். 15 வருடமாக அந்த வீட்டின் மூத்த மருமகள் என்று ஒரு இடம் இருந்தது. அது நழுவுவதாகத் தெரிகிறது. அந்த இடத்துக்காக நீங்கள் கொடுத்த விலையை யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. இந்த இரண்டாவது வலி அத்தனையும் பாவம் என்று வேதம் சொல்வதில்லை. கடவுளே தன்னை "எரிச்சலுள்ள தேவன்" என்கிறார் (யாத்திராகமம் 20:5). தன்னுடையவர்கள் தன்னை விட்டுப் போவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாத அன்பு அது. ஆனால் நம்மிடம் அந்த வலி வரும்போது அதோடு ஒரு விஷமும் சேர்ந்து வருகிறது: அவள் கொஞ்சம் விழுந்தால் எனக்கு இடம் கிடைக்கும் என்கிற நினைப்பு. வலி வேறு, விஷம் வேறு. விஷத்துக்கு மனந்திரும்புங்கள். வலியை ஆண்டவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டி 'நான் பாவி' என்று ஒரே மூட்டையாக வைத்தால் ஒன்றும் ஆறாது.

லூக்கா 15-இல் வருகிற மூத்த மகனை உங்களுக்குத் தெரியும். கெட்ட குமாரன் கதை என்று தலைப்பு வைத்து நாம் அவனை ஓரங்கட்டிவிட்டோம். வயலிலிருந்து வருகிறான். வீட்டுக்குள் ஆட்டபாட்டம். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பிக்கு விருந்து என்று தெரிந்ததும் உள்ளே போக மனதில்லாமல் வெளியே நின்றுவிடுகிறான். அவன் பேசுவதைக் கேளுங்கள்: இத்தனை வருஷம் ஊழியம் செய்தேன், நீர் எனக்கு "ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை." ஒரு வாழைப்பழச் சீப்புக்குக்கூட மைக்கில் பெயர் சொல்லவில்லை என்பதும் இதே குரல்தான். இந்த இடத்தில் நான் எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன், "தகப்பனோ வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்." விருந்தை நடத்துகிறவர், பந்தியில் இருக்க வேண்டியவர், எழுந்து வெளியே வருகிறார். காயீனிடம் வந்ததுபோலவே. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். உன் தம்பியைவிட நீதான் ஒசத்தி என்று சொல்லித் தேற்றவில்லை. தம்பியைக் குறைக்காமலே அவனுக்குரிய இடத்தைச் சொல்கிறார்.

நீங்கள் நான்கு மாதமாகப் பூவரச மரத்தடியில் தனியாக நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தகப்பன் உள்ளே இருக்கிறார், நான் வெளியே இருக்கிறேன் என்று. இந்தக் கதையின்படி அப்படி இல்லை, சகோதரி.

இதில் உங்கள் சபைக்கும் எங்கள் சபைக்கும் எல்லாச் சபைக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட முடியவில்லை. ஃபேன் இறக்கையில் பெயர், பெஞ்சு முதுகில் பெயர், டியூப்லைட் பட்டியில் பெயர். ஏலத்தில் யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்று மைக்கில் வாசிக்கிறோம். அறுப்பின் பண்டிகை விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். ஏலம் போடுவதும் ஊழியத்துக்குக் காசு சேர்ப்பதும் நல்லதுதான், அந்தப் பூசணிக்காயை உங்கள் ஓர்ப்படி நல்ல மனதோடுதான் எடுத்திருப்பாள். ஆனால் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து கவனித்த இயேசு சீஷர்களைக் கூப்பிட்டுக் காட்டியது இரண்டு காசு போட்ட விதவையை. ஐந்து மாதம் மாமியாருக்கு பெட்பேன் வைத்த மருமகளையும், வாத நோயில் கிடக்கிற அண்ணனுக்குச் சோறு ஊட்டுகிற தம்பியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பீடத்திலிருந்து பெயர் சொல்லி நன்றி சொன்னால் என்ன? போதகர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். சபையில் பாதிப் பொறாமையை நாமே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறோம்.

சவுல் ராஜாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்று பெண்கள் பாடினார்கள். அந்தப் பாட்டில் சவுலுக்கும் ஆயிரம் இருக்கிறது, அதுவும் புகழ்ச்சிதான். அவன் காதில் பதினாயிரம் மட்டும் விழுந்தது. "அந்நாள்முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்" (1 சாமுவேல் 18:9). பொறாமை என்று அர்த்தமுள்ள காய்மகாரம் என்ற இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது புதுச்சேரியில் பள்ளிக்கூடத்தில், கத்தோலிக்கத் தோழிகள் ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்புக்காகத் தலையான பாவங்கள் ஏழையும் மனப்பாடம் செய்தபோது. அர்த்தம் தெரியாமலே எனக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. அதே சவுலின் வீட்டில்தான் அவன் மகன் யோனத்தானும் இருந்தான். தாவீது வந்தால் போகப்போவது அவனுடைய சிம்மாசனம். அவனோ போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுத்தான். தாவீது இல்லாமல் போனால்தான் தன் வாழ்வு நிலைக்கும் என்று சவுல் நினைத்தான். யோனத்தானுக்கு அந்த நினைப்பு வரவில்லை.

என் கதையையும் சொல்கிறேன். இந்த வேலைக்கு வந்த புதிதில் என்னோடு படித்த ஒருத்தியும் நானும் ஒரே இடத்தில் இருந்தோம். எனக்கு அவளைவிட அதிகம் தெரியும் என்று எனக்கு எண்ணம். பெண்கள் முகாம்களில் பேச அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முகாமில் அவள் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் தலைவலி என்று எழுந்து வந்துவிட்டேன். கூட்டம் அவள் பேச்சுக்கு அழுதுகொண்டிருந்தது. எனக்கு அது தாங்கவில்லை. வெளியே சமையற்கட்டுப் பக்கம் ஒரு வயதான பைபிள் உமன் (பெண்களுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் ஊழியக்காரி) அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். எதுவும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அவளுக்கு என்ன கஷ்டம்னு உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது. மூன்று வருடம் பக்கத்து மேஜை, எனக்குத் தெரியாது. "தெரிஞ்சுக்கோ. தெரிஞ்சதுக்கு மட்டும் ஜெபம் பண்ணு. 'ஆசீர்வதியும்'னு மொத்தமா சொல்லாதே, அது வாய்ப்பேச்சு" என்றார். அடுத்த மாதம்தான் தெரிந்தது, அவளுடைய அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் அவரைக் கூட்டிப் போய்விட்டுத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அந்த நாட்களைக் கேட்டு வைத்துக்கொண்டு ஜெபித்தேன். பொறாமை ஒரே நாளில் போகவில்லை. ஒருவருடைய அப்பாவின் கிரியாட்டினின் குறைய வேண்டும் என்று உண்மையாகக் கேட்டுக்கொண்டே அவர் பேச்சு சொதப்ப வேண்டும் என்று நினைப்பது நாளாக ஆகக் கஷ்டமாகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் ஓர்ப்படிக்கு என்ன கஷ்டம்? நைட் டியூட்டி முடித்து, கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி வருகிறாளா? வெள்ளத்தில் போனதை மறுபடி வாங்க எத்தனை மாதம் சம்பளம் பிடித்தம்? கேளுங்கள். உளவு பார்ப்பதுபோல் இல்லாமல், அக்காவாகக் கேளுங்கள். தெரிந்த ஒன்றை, ஒன்றே ஒன்றை, தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். முதல் இரண்டு வாரம் உதடு மட்டும்தான் அசையும். பரவாயில்லை, அசையட்டும்.

இப்போது அந்த வட்டிப் பேச்சு. இதற்கு மட்டும் நான் உங்களைத் தட்டிக்கொடுக்க மாட்டேன். மனசு குளிர்ந்தது தானாக வந்தது, இது நீங்களாகச் செய்தது. அந்த இரண்டு பேரிடமும் இந்த வாரமே போங்கள். போனில் வேண்டாம், நேரில். "அன்றைக்கு நான் சொன்னது எனக்குத் தெரிந்து சொன்னதில்லை, வயிற்றெரிச்சலில் சொன்னது, நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்" என்று இவ்வளவு போதும். முகம் சுருங்கத்தான் செய்யும். ஒருவேளை அவர்களில் ஒருத்தி உங்களைப் பற்றியே பேசக்கூடும். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஓர்ப்படியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வீட்டில் தண்ணீர் புகுந்த நாளில் உங்கள் தோளில் அழுததை அவள் பத்திரமாக வைத்திருப்பாள். "அன்று எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது" என்று நீங்கள் சொன்னால் உங்கள் மனம் லேசாகும், அவளுக்கு அந்தத் தோள் போய்விடும். உங்கள் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைப்பது அறிக்கை ஆகாது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதியதை ஐயரிடமோ, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஒரு மூத்த சகோதரியிடமோ செய்யுங்கள். என்னிடம் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். வட்டிப் பேச்சு மட்டும் அவள் காதுக்கு எட்டியிருந்தால் விஷயம் வேறு. அப்போது நீங்களே முந்திக்கொண்டு போய் அதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள்.

சில்லறை விஷயம் ஒன்று. அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஒரு மாதம் மியூட் செய்து வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு இருட்டில் படுத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டுக் கிச்சனைப் பார்ப்பதில் ஆவிக்குரிய வளர்ச்சி எதுவும் இல்லை. வேண்டுமானால் போன் போட்டுப் பேசுங்கள், குரலைக் கேட்டால் மனுஷி தெரிவாள்.

உங்கள் வலி இருக்கிறதே, அதற்கும் வாய் வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி மெக்கானிக் என்பதற்கும், சேறு வழிக்கக் கூட வந்தார் என்பதற்கும் மேல் எதுவும் இல்லை. அவள் வீடு கட்டிவிட்டாள் என்று ஆரம்பிக்காதீர்கள், அப்படி ஆரம்பித்தால் அவருக்குக் குத்தலாகத்தான் படும். "எனக்குக் களைப்பாக இருக்கிறது, நான் செய்தது உங்களுக்காவது தெரிகிறதா" என்று ஆரம்பியுங்கள். சொந்த வீட்டு ஆசை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் அதையும் தனியாக, ஓர்ப்படியின் பெயர் வராமல், அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வீடு வேண்டும் என்று ஆசைப்படுவது பாவம் இல்லை.

மாமியாரிடமும் ஒருநாள் கால் பிடித்துவிடும்போது கேளுங்கள்: "அத்தை, இப்பல்லாம் எதுக்கும் அவளையே கேட்கிறீங்களே, என்கிட்ட ஏன் கேட்கறதில்லை?" பதில் நீங்கள் நினைத்ததாக இல்லாமல் போகலாம். படுக்கையில் கிடந்து எழுந்த வயதானவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. தன்னைக் கழுவிவிட்ட மருமகளிடம் அவர்களுக்கு ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. இன்னும் எதையாவது கேட்டு அவளைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று தூரத்தில் இருப்பவளிடம் கேட்பார்கள். உங்கள் அத்தை விஷயத்தில் அதுதானா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டால் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கவனமாகப் பாருங்கள். தூக்கமின்மையும் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்கிற நினைப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதை ஆவிக்குரிய பிரச்சினை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மருந்து எடுப்பதால் விசுவாசம் குறைந்துவிடாது.

கடைசியாகத் திருவிருந்து. நீங்கள் கிறிஸ்தவள்தானா என்று கேட்டீர்கள். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" (1 கொரிந்தியர் 11:28). சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் பவுல் எழுதினார். சோதித்தறிந்து மரத்தடியில் போய் நிற்கக்கடவன் என்று எழுதவில்லை. நீங்கள் நான்கு மாதம் சோதித்துவிட்டீர்கள், என்னிடம் வருகிறவர்கள் பலர் நான்கு வருடத்தில் செய்யாத அளவுக்கு. அந்த இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு வாருங்கள், அடுத்த திருவிருந்து ஞாயிறு உள்ளேயே உட்காருங்கள். ஓர்ப்படி பக்கத்தில் முழங்கால் போட இடம் இருந்தால் அங்கேயே போடுங்கள். அத்தையையும் கூட்டிப் போங்கள். இடுப்பு வலிக்கு அவரால் முழங்கால் போட முடியாது, ஐயரிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால் பெஞ்சுக்கே கொண்டுவந்து கொடுப்பார்.

முடிந்த பிறகு எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.